காசும் பிறப்பும்

ஆங்கிலம் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி நம் நாட்டில் எல்லாரும் நாள்தோறும் பயன்படுத்தும் ஆங்கிலச் சொற்களுள் 'கேஷ்' என்பதும் ஒன்று. கடையில் பொருளை எடுத்து வைத்தவுடன் 'கேஷா, கார்டா?' என்று கேட்கிறார்கள். வாடகை முன்பணத்தைக் கேஷாகக் கொடுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தும் வழக்கம் பரவிய பின்னும் அச்சொல் நம்மை விட்டுப் போகவில்லை; 'கேஷ்லெஸ்' என்று இல்லாமையைச் சொல்லவும் அதுவே தேவைப்படுகிறது.

இச்சொல்லைக் கேட்டதும் தமிழறிந்த எவருக்கும் உடனே நினைவுக்கு வருவது 'காசு'. ஒலி நெருங்கியிருக்கிறது, பொருளும் நெருங்கியிருக்கிறது. ஆகவே, 'கேஷ் என்பது நம் காசுதான்; வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டான்' என்று மேடைகளில் கேட்கிறோம்; ஆண்டு மலர்களில் படிக்கிறோம். இது உண்மைதானா?

'ஆம்' என்றாலும் முழு உண்மையாகாது. 'இல்லை' என்றாலும் முழு உண்மையாகாது. ஏனெனில் ஆங்கிலத்தில் கேஷ் என்பது ஒரு சொல் அன்று, இரண்டு சொற்கள். எழுத்து ஒன்று, ஒலிப்பு ஒன்று, ஆனால் பிறப்பு வேறு. அவற்றுள் ஒன்று நம்முடையதன்று. மற்றொன்று ஐயமின்றி நம்முடையதே. எது எவ்வாறு பிறந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நம் காசு

முதலில் நம் வீட்டுக் காசைப் பார்த்துவிடுவோம். யாப்பிலக்கணம் படித்த மாணவர்களுக்கு இது தேர்வுக்கு உரிய சொல். வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றைக் கொண்டு முடிய வேண்டும் என்று மனனம் செய்திருக்கிறோம். காசையும் பிறப்பையும் இலக்கண ஆசிரியர்கள் அடுத்தடுத்து வைத்தது அசை நோக்கித்தான். நானோ காசின் பிறப்பைத் தேடுவதற்காக அவ்விரண்டையும் கடன் வாங்கித் தலைப்பாக்கிக்கொண்டேன்.

இலக்கணத்திலும் பழமையானது இலக்கியச் சான்று. குறுந்தொகையின் 67ஆம் பாடலில் தலைவி ஒரு கிளியை நினைக்கிறாள். வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பற்றியிருக்கும் அக்கிளி, புதிய நூலில் கோப்பதற்காகப் பொற்காசு ஒன்றை நகத்தால் பிடித்திருக்கும் ஒருவனை நினைவூட்டுகிறது. பழுத்த வேப்பம்பழத்தின் பொன்னிறமும் உருட்சியும் காசுக்கு உவமையாகின்றன. அங்கே காசு என்பது கடைக்குக் கொண்டுபோகும் நாணயம் அன்று. அணிகலனில் கோக்கப்படும் பொன். இன்றும் திருமணங்களில் பெண்கள் அணியும் காசுமாலை இப்பொருளை விடாமல் காத்து வருகிறது.

சோழர் காலத்தில் காசு நாணயமாகவே பெருவழக்குப் பெற்றுவிட்டது. முதலாம் இராசராசன் காலத்துத் (985–1014) தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயிலுக்கு அளிக்கப்பட்ட முதல் காசுக் கணக்கில் குறிக்கப்பட்டுள்ளது. ஊர்ச் சபைகள் அம்முதலைப் பெற்றுக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி செலுத்த வேண்டும் என்ற கணக்கையும் அங்கே காணலாம். அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை.

காலம் செல்லச் செல்லக் காசின் மதிப்பு இறங்கிற்று. பொன்னாய் இருந்தது செம்பாயிற்று. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் வெளியிட்ட சிறு செப்புக் காசான 'அம்மன் காசு' இதற்கு எடுத்துக்காட்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் பெரிய அலகை 'வெள்ளி' என்றும், அதன் நூற்றில் ஒரு பங்கைக் 'காசு' என்றும் வழங்குகிறோம். 'ஐந்து காசு பெறாது' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது, பொன்னாக இருந்த சொல் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றிலும் இச்சொல் உண்டு. வடமொழியில் எடையைக் குறிக்கும் 'கர்ஷ' என்னும் சொல்லோடு இதனை இணைத்துப் பார்க்கும் அறிஞர்களும் உளர். அது தனியே ஆராயத்தக்கது. நம் கேள்விக்கு வேண்டியது இவ்வளவே: ஐரோப்பியர் நம் கடற்கரையில் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே காசு தமிழர் நாவில் புழங்கிய சொல். நினைவில் வைக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. பொன், அணி, நாணயம், பணம் என்று காசுக்குப் பல பொருள் இருந்தபோதிலும், 'பெட்டி' என்ற பொருள் அதற்கு ஒருபோதும் இருந்ததில்லை.

பெட்டியில் பிறந்த கேஷ்

பெட்டியை ஏன் இங்கே இழுக்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். நாம் கடையில் கேட்கும் கேஷ் பெட்டியிலிருந்துதான் பிறந்தது.

இலத்தீன் மொழியில் 'கப்ஸா' என்றால் பெட்டி. உரோமானியர்கள் சுருள் நூல்களை வைத்துக்கொள்ளும் உருளை வடிவப் பேழைக்கு இப்பெயர் வழங்கிற்று. (நம் பேச்சுவழக்கில் 'கப்சா விடுகிறான்' என்கிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. ஒலி ஒன்றாயிருப்பதைக் கண்டு வேர் தேடப் புறப்பட வேண்டாம்!) இக்கப்ஸா இத்தாலிய மொழியில் 'காஸ்ஸா' என்றும், பிரெஞ்சு மொழியில் 'கேஸ்' என்றும் ஆயிற்று. வணிகர்கள் பணம் வைக்கும் பெட்டிக்கு அதுவே பெயராயிற்று. ஐரோப்பாவில் வங்கித் தொழிலை வளர்த்தவர்கள் இத்தாலிய நகரங்களின் வணிகர்கள். 'பேங்க்' என்ற சொல்லே அவர்கள் பணம் மாற்ற உட்கார்ந்த பலகையைக் குறித்த இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான். அவ்வழியே பணப்பெட்டியின் பெயரும் 1590களில் ஆங்கிலத்தில் நுழைந்தது.

நுழைந்தபோது கேஷுக்கு இரண்டு பொருள்: பணம் வைக்கும் பெட்டி, அப்பெட்டியில் இருக்கும் பணம். 18ஆம் நூற்றாண்டுக்குள் முதற்பொருள் வழக்கொழிந்து, இரண்டாவது மட்டும் நிலைத்தது. நம் இலக்கணப்படி சொன்னால் இஃது இடவாகுபெயர். 'ஊர் சிரித்தது' என்றால் ஊரில் உள்ளவர் சிரித்தனர் என்று கொள்கிறோம் அல்லவா? அதுபோலப் பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கு ஆகி வந்தது. தமிழிலும் இதே மாற்றம் நம் கண்முன்னே நடந்திருக்கிறது. கடைக்காரர் பணம் போடும் பெட்டி 'கல்லா'. 'நேற்று நல்ல கல்லா' என்றால் பெட்டி நன்றாயிருந்தது என்றா பொருள்? விற்பனை நன்றாயிருந்தது என்றுதானே கொள்கிறோம்!

உண்மையில், பணம் தொடர்பான ஆங்கிலச் சொற்கள் பலவற்றின் வேரைத் தோண்டினால் பையும் பெட்டியும்தான் கிடைக்கின்றன. ஆண்டுதோறும் நிதியமைச்சர் தாக்கல் செய்யும் 'பட்ஜெட்' சிறு தோற்பையைக் குறித்த பிரெஞ்சுச் சொல். அரசின் நிதி தொடர்பான 'ஃபிஸ்கல்' என்ற சொல் 'கூடை' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் மாணவர்களுள் பலர் விண்ணப்பிக்கும் 'பர்சரி' உதவித்தொகை, பணப்பையைக் குறித்த 'புர்சா'விலிருந்து கிளைத்தது. இக்குடும்பத்தில் வைத்துப் பார்த்தால் கேஷ் பெட்டியிலிருந்து வந்ததில் வியப்பில்லை.

கேஷின் உடன்பிறப்புகளும் இதற்குச் சான்று கூறுகின்றன. பிரான்சில் கடையில் பணம் செலுத்தும் இடத்துக்கும், ஜெர்மனியில் 'காஸே' என்ற பெயரில் அதே இடத்துக்கும் இன்றளவும் இப்பெயரே. டச்சுக்காரர் வழியாக இந்தோனேசிய மொழிக்குச் சென்ற 'காஸ்' என்பதும் நிதியிருப்பையே குறிக்கிறது. 'கேஸ்' என்று நாம் சொல்லும் உறை, 'கேசட்' என்னும் ஒலிநாடாப் பேழை, மருந்து அடைத்த 'கேப்சூல்' ஆகிய மூன்றும் அதே கப்ஸாவின் வழிவந்தவை. கேப்சூல் என்றால் 'குட்டிப் பெட்டி' என்றே பொருள். இவற்றுள் எங்கும் நம் காசு இல்லை. காசிலிருந்து கேசட்டும் கேப்சூலும் பிறந்தன என்று சொல்ல யாரும் துணியமாட்டார்கள்.

எனவே, 'கேஷா, கார்டா?' என்ற கேள்வியில் உள்ள கேஷ் தமிழ் அன்று.

கப்பலேறிய காசு

இனி இரண்டாவது கேஷுக்கு வருவோம். பெரிய ஆங்கில அகராதிகளைப் புரட்டினால், முதல் கேஷுக்குக் கீழே தனி எண்ணிட்டு இன்னொரு கேஷ் இருப்பதைக் காணலாம். இந்தியாவிலும் கீழை நாடுகளிலும் சீனாவிலும் வழங்கிய மதிப்புக் குறைந்த நாணயம் என்று அதற்குப் பொருள் எழுதியிருக்கும். பிறப்பு என்ற இடத்தில் 'போர்த்துக்கீசியம் வழியாகத் தமிழ்க் காசு' என்று இருக்கும். இதுதான் நம்முடையது.

இது சென்ற வழி சுவையானது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1510இல் ரோம் நகரில் வெளிவந்த இத்தாலியப் பயணி வர்த்தேமாவின் நூலிலேயே தென்னாட்டில் வழங்கிய 'காஸ்' என்னும் சிறு நாணயம் இடம்பெற்றுவிட்டது. போர்த்துக்கீசியர் அச்சொல்லைத் தம் நாவுக்கு ஏற்பக் 'காய்ஷா' என்று ஆக்கிக்கொண்டனர். ஏன் காய்ஷா? அவர்கள் மொழியில் காய்ஷா என்ற சொல் முன்னரே இருந்தது. அதன் பொருள் என்ன தெரியுமா? பெட்டி! நாம் மேலே கண்ட இலத்தீன் கப்ஸாவின் போர்த்துக்கீசிய வடிவம் அது. அறியாத சொல்லைக் கேட்கும் நா, அறிந்த சொல்லின் அச்சில் அதை வார்த்துவிடுகிறது. காசும் பெட்டியும் முதன்முதலில் ஒன்றுபோல் ஒலித்தது போர்த்துக்கீசியர் வாயில்தான்.

1511இல் அவர்கள் மலாக்காவைக் கைப்பற்றினர். தமிழ் வணிகர்கள் செல்வாக்கோடு விளங்கிய துறைமுகம் அது. போர்த்துக்கீசியர் பெண்டஹாரா பதவியில் அமர்த்திய நைனா சத்து ஒரு தமிழ் வணிகரே. 1512 முதல் 1515 வரையிலான ஆண்டுகளில் தோமே பீரேஸ் என்னும் போர்த்துக்கீசியர் எழுதிய நூலில், மலாக்காவில் புழங்கிய வெள்ளீய நாணயங்கள் காய்ஷா என்றே குறிக்கப்படுகின்றன. தமிழகக் கடற்கரையின் சொல் மலாக்காவின் ஈய நாணயத்துக்குப் பெயராகிவிட்டது.

அது மலாக்காவிலும் நிற்கவில்லை. ஜாவா, சுந்தா பகுதிகளில் நடுவில் துளையிட்ட சிறு செப்பு நாணயங்கள் வழங்கின. கோவாவில் பணியாற்றிய டச்சுக்காரரான லின்ஸ்கோட்டன், சுந்தாவின் காய்ஷாவைப் பற்றித் தம் நூலில் விவரித்தார். நடுவில் துளை உண்டு, நூலில் நூற்றுக்கணக்காகக் கோத்து வைப்பர் என்பது அவர் தரும் செய்தி. அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1598இல் வெளிவந்தது. அதாவது, பெட்டிக் கேஷ் இங்கிலாந்துக்குள் நுழைந்த அதே பத்தாண்டில் காசுக் கேஷும் வேறொரு வாசல் வழியாக நுழைந்துவிட்டது!

சீனர்களின் சதுரத் துளையுள்ள வட்ட நாணயத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலாக்காவின் பழம்பொருள் கடைகளிலும், சீனர் கடைகளில் சிவப்புக் கயிற்றில் கோத்த மங்கலப் பொருளாகவும் தொங்கும். நாணயம் சேர்ப்போர் ஆங்கிலத்தில் அதைக் 'கேஷ் காயின்' என்பர். சீனர்கள் தம் மொழியில் அதை அவ்வாறு அழைப்பதில்லை. சீனர் நாணயத்துக்கு, ஆங்கிலத்தில், போர்த்துக்கீசியர் நாவழியே வாய்த்த தமிழ்ப் பெயர் அது. நான்கு மொழியினரின் வணிகம் அந்த ஒரு பெயருக்குள் அடங்கியிருக்கிறது.

இரண்டும் சந்தித்த இடம்

இரு கேஷும் ஒரே மேசையில் சந்தித்த இடம் சென்னை. 1600இல் தொடங்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, 1639இல் அங்கே நிலம் பெற்றுக் கோட்டை கட்டியது. அதன் கணக்குப் புத்தகங்களில் 80 கேஷ் ஒரு ஃபனம். 42 ஃபனம் ஒரு பகோடா. ஃபனம் என்பது நம் 'பணம்'. பகோடா என்பது நாம் வராகன் என்று வழங்கிய பொன் நாணயம். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் ரூபாய் முறை வரும்வரை இக்கணக்கே நடந்தது. கம்பெனியின் எழுத்தர் கேஷ் என்று எழுதினால் அது பெட்டியில் உள்ள கையிருப்பா, செப்புக் காசா என்பதை இடம் நோக்கித்தான் அறிய வேண்டும்.

கம்பெனி சென்னைக்காக இங்கிலாந்திலேயே செப்புக் காசு அடித்து அனுப்பியது. 1808ஆம் ஆண்டு பொறித்த பத்துக் காசு, இருபதுக் காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அங்கிருந்து இலட்சக்கணக்கான நாணயங்கள் மீட்கப்பட்டன. இன்று உலகெங்கும் சேகரிப்போர் கையில் இருக்கும் அந்நாணயங்களில் ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்று பொறித்திருக்கிறது. அந்தக் கேஷ் நம் காசு. அதை எவரும் மறுக்க முடியாது.

உரைத்துப் பார்த்தல்

'இவ்வளவு நுணுக்கம் எதற்கு? எப்படியோ காசு ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. எல்லாம் நம்முடையது என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன?' என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழ் விழா ஒன்றில் பேச்சாளர் ஒருவர் ஆங்கிலத்தில் உள்ள தமிழ்ச் சொற்களை அடுக்கினார். 'கட்டமரான் நம் கட்டுமரம், கறி நம் கறி, செரூட் நம் சுருட்டு' என்றவர், அதே வேகத்தில் 'கேஷ் நம் காசு, எய்ட் நம் எட்டு' என்று முடித்தார். கைதட்டல் அரங்கை நிறைத்தது. என்னோடு வந்திருந்த சீனத் தோழி மொழியியல் மாணவி. அவருக்காக நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நூலகத்தில் அகராதியைப் பார்த்துவிட்டு வந்து, 'கேஷும் எய்ட்டும் தமிழ் இல்லையாமே. அப்படியானால் கட்டமரானும் இப்படித்தானா?' என்று கேட்டார்.

அவர் கேட்டதில் குற்றமில்லை. 1697இல் வெளியான டேம்பியரின் பயண நூலிலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரம் அப்பெயரோடு இடம்பெற்றிருப்பதை எடுத்துக் காட்டி, அவரை நம்பவைக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. பொய்யான இரண்டு, மெய்யான மூன்றையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிட்டன.

ஆகவே ஒரு சொல்லை நம்முடையது என்று உரிமை கொண்டாடும் முன் மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்ப்பது நல்லது. முதலாவது, அம்மொழியில் அச்சொல்லின் பழைய வடிவமும் பழைய பொருளும் எவை? இரண்டாவது, அதன் உடன்பிறந்த சொற்கள் எங்கெங்கே உள்ளன? மூன்றாவது, நம்மிடமிருந்து அங்கே சென்ற வழி எது. கொண்டு சென்றவர் யார்?

எட்டையே உரைத்துப் பார்ப்போம். எய்ட்டின் பழைய ஆங்கில வடிவம் 'எயஹ்டா'; ஜெர்மானியத்தில் 'ஆக்ட்'; இலத்தீனில் 'ஒக்டோ'. பின்னோக்கிச் செல்லச் செல்ல நடுவில் ககரம் போன்ற ஒலி வலுக்கிறது. நம் எட்டையோ பின்னோக்கிப் பாருங்கள்: எண்பது, எண்ணூறு, எண்திசை, கன்னடத்தில் 'எண்டு'. நடுவில் இருப்பது ணகரம். இன்று அருகருகே நிற்கும் இரண்டும் பழங்காலத்தில் விலகி நிற்கின்றன. உறவாக இருந்தால் பின்னோக்கிச் செல்லும்போது நெருங்க வேண்டுமே!

ஆங்கிலத்துக்கு உள்ளேயே இத்தகைய போலி உறவுகள் உண்டு. பணம் வாங்கும் 'கேஷியர்' பெட்டிக் கேஷின் வழிவந்தவர். ஆனால் படையிலிருந்து ஒருவரை இழிவுபடுத்தி நீக்குவதைக் குறிக்கும் 'கேஷியர்' என்ற வினைச்சொல், 'செல்லாததாக்கு' என்னும் பொருளுடைய வேறு இலத்தீன் வேரிலிருந்து வந்தது. முந்திரியைக் குறிக்கும் 'கேஷ்யூ' பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் துப்பி மொழிச் சொல். ஒலியை மட்டும் நம்பினால் பணமும் பணிநீக்கமும் முந்திரியும் ஒரே குடும்பம் என்று சொல்ல நேரிடும்.

இந்த உரைப்பால் நமக்கு இழப்பும் இல்லை. மலாய்மொழியைப் பாருங்கள்: கடை அங்கே 'கெடாய்', கப்பல் 'காப்பால்', முதல் 'மோடால்'. இரும்புப் பெட்டகத்தையும் குளிர்பதனப் பெட்டியையும் குறிக்க நாளும் வழங்கும் 'பெத்தி' நம் பெட்டியே. ஆங்கிலத்துக் கேஷைப் பெற்ற பெட்டி நம்முடையதன்று. அண்டை வீட்டார் அன்றாடம் புழங்கும் பெட்டி நம்முடையது. இவை எந்த அகராதியிலும் உரைத்துக் காட்டத்தக்க பொன்.

நம் முன்னோர் காசை வாங்கும்போது கல்லில் சுண்டி ஓசை கேட்டு வாங்கினார்கள். கையில் உள்ள காசுகளுள் ஒன்று செல்லாக்காசு என்று தெரிந்துவிட்டால், கடைக்காரர் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்ப்பார். மாணவ நண்பர்களே, அடுத்த தமிழ் விழாவுக்கு உரை எழுதும்போது, 'கேஷ் நம் காசு' என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். மலாக்காவின் ஈயக் காசையும், சீனரின் துளைக் காசையும், கடலில் மூழ்கிய சென்னைக் காசையும் எழுதுங்கள். கைதட்டல் சற்றுத் தாமதமாக வரலாம். ஆனால் எவர் சுண்டிப் பார்த்தாலும் அந்தக் காசு செல்லும்.